பீடோங் வெக்கையில் மூன்று ஒயின் போத்தல்: சுவைக்கவும் வைத்திருக்கவும் ஒரு வழிகாட்டி

போன தீபாவளிக்கு முன் பெர்த்திலிருந்து வந்த தங்கச்சி, கைலிக்குள் சுருட்டி மூன்று சிவப்பு ஒயின் போத்தல் கொண்டுவந்தாள். அவள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, ஆளுக்கு ஒன்று. மலேசியாவுக்குள் வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 1 லிட்டர்தான், ஒரு போத்தல் 750 மில்லி என்பதால் அந்தக் கணக்கு. லங்காவியிலிருந்து கப்பலேறி வரும்போதும் அளவு அதேதான், நினைவிருக்கட்டும்.

"அண்ணே, இப்பவே திறந்துடாதீங்க. அஞ்சு வருஷம் வச்சிருந்தா பிரமாதமா இருக்கும்னு தோட்டத்துக்காரரே சொன்னாரு" என்றாள்.

தோட்டம் என்றால் நமக்கு ரப்பர், செம்பனை. அவள் சொன்ன தோட்டம் பெர்த்துக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில், மார்கரெட் ரிவர் பக்கம் இருக்கும் சின்னத் திராட்சைத் தோட்டம். முதலாளி, மனைவி, மகன் மூன்று பேர்தான் மேற்பார்க்கும் தண்டலும் கணக்கெழுதும் கிராணியும் வேலையாளும். அவர் சொன்ன ஐந்து வருஷம் அவர் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் நம் பீடோங்கில் விடியற்காலையில்கூட 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, பகலில் 32, 33. இந்த வெக்கையில் ஐந்து வருஷத்தை அப்படியே எண்ணக்கூடாது. இதைப் போத்தல் ஒன்றைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வரும்.

தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவன் மதுவைப் பற்றி எழுதுவது லேசான காரியமில்லை. 1947 இல் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை கிளம்பியது இதே பீடோங் பக்கத்தில்தான். கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் எத்தனை வீட்டுச் சம்பளத்தைத் தின்றன என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். குடிக்காதவர் குடிக்கத் தொடங்குவதற்கு இங்கே ஒன்றுமில்லை. எப்படியோ கைக்கு ஒரு நல்ல போத்தல் வந்து சேர்ந்திருக்கிறது, அதைப் பாழாக்காமல் நாலு பேர் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் சுவைக்க வேண்டும் என்பவருக்காக எழுதுகிறேன். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பரிலிருந்து சட்டம். வண்டி ஓட்டுகிறவருக்கு இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, 2020 இல் 80 இலிருந்து குறைத்துவிட்டார்கள். சுவைக்க வருகிறவர் நடந்து வரட்டும், அல்லது யாராவது கொண்டுவந்து விடட்டும்.

போத்தல் வந்ததும்

வந்த அன்றே திறக்க வேண்டாம். விமானத்தில் குலுங்கி வந்ததை ஒன்றிரண்டு வாரம் அசையாமல் விடுங்கள். அதற்குள் லேபிளைப் படித்துக் குறித்து வையுங்கள். அதில் இருக்கும் ஆண்டு திராட்சை பறித்த ஆண்டு, போத்தலில் அடைத்த ஆண்டு இல்லை. ஆஸ்திரேலியாவில் பறிப்பு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபர். ஆகவே ஒரே ஆண்டு போட்ட இரண்டு போத்தலில் ஆஸ்திரேலியாக்காரர் அரை வருஷம் மூத்தவர். மூடி திருகு மூடியா தக்கையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வைக்கும் முறை அதைப் பொறுத்து மாறும்.

எங்கள் போத்தலில் கேபர்னே சாவின்யோன் 60, மெர்லோ 30, பெட்டி வெர்டோ 10 சதவீதம், மூன்றும் திராட்சை வகைகள். ஏன் மூன்றைக் கலக்கிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குச் சாம்பார்த்தூளை வைத்துத்தான் விளக்கினேன். மல்லி இல்லாவிட்டால் உடம்பு இல்லை, மிளகாய் இல்லாவிட்டால் வேகம் இல்லை, வெந்தயம் துளி போதும், ஆனால் வெந்தயம் தனியாகத் தெரிந்தால் தூள் கெட்டது. கேபர்னே எலும்பு, துவர்ப்பும் புளிப்பும் தந்து நிமிர்த்தி வைக்கும். ஆனால் தனியாகக் குடித்தால் நாக்கின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். மெர்லோ அந்தப் பள்ளத்தை நிரப்பும் சதை. பெட்டி வெர்டோ நிறத்துக்கும் இன்னும் கொஞ்சம் துவர்ப்புக்கும், வெந்தயம் மாதிரி.

சின்னக் குடும்பத்துக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மெர்லோ முன்னால் பழுக்கும், கேபர்னே தாமதம். பறிக்கிற நேரத்தில் மழை அடித்து ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். இவை சொந்தக்காரக் கொடிகள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. கேபர்னே ஃபிரான்க்கும் சாவின்யோன் பிளாங்கும் சேர்ந்து பிறந்ததுதான் கேபர்னே சாவின்யோன் என்று 1990-களில் கலிஃபோர்னியாவில் மரபணு பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மெர்லோவுக்கும் ஒரு பக்கம் அதே கேபர்னே ஃபிரான்க்தான். ஒரே போத்தலில் பங்காளிகள்.

முதல் வேலை குளிரவைப்பது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த ஊர் அறை என்று கேளுங்கள். அந்தப் பேச்சு ஐரோப்பாவின் கல் வீடுகளில் தோன்றியது. அங்கே அறை என்றால் 16, 18 பாகை. நம் கூடத்தில் 30. அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை பின்னால் ஒளிந்துகொள்ளும்.

போத்தலை ஐஸ் பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து 15 நிமிடம். வெறும் ஐஸ் வேண்டாம், தண்ணீர் இருந்தால்தான் போத்தலைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். நாள் முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்ததை எடுத்தால் முக்கால் மணி வெளியே வைக்க வேண்டும். மிகக் குளிர்ந்த சிவப்பு ஒயினில் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கிளாஸ் பற்றி நிறைய சொல்வார்கள். மெல்லிய கண்ணாடி, வாய் சற்றுக் குறுகியது, போதும். எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

கண், மூக்கு, நாக்கு

கிளாஸை ஒரு வெள்ளைத்தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். இளம் ஒயின் விளிம்பில் கத்தரிப்பூ நிறம் காட்டும். வயதாக ஆக மாணிக்கச் சிவப்பு, அப்புறம் செங்கல் நிறம். கண்ணுக்கு வேலை இவ்வளவுதான்.

மூக்குக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். என் அப்பா ரப்பர் பால் எடை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். பால் புளிக்கத் தொடங்கிவிட்டதா, அம்மோனியா போதுமா என்று வாளிப் பக்கம் குனிந்த உடனே சொல்லிவிடுவார். ஒயினுக்கும் அதே மூக்கு போதும். புத்தகங்கள் சொல்லும் பிளாக்கரண்ட், ராஸ்பெரி எதையும் நான் சிறுவயதில் தின்றதில்லை. தின்னாத பழத்தின் வாசனையைத் தேடி மூளையைக் கசக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் கிளாஸை அசைக்காமல் ஒரு முறை முகருங்கள். பிறகு மேசைமேல் வைத்தபடியே நாலு சுற்றுச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். எங்கள் முதல் போத்தலில் எனக்கு முதலில் வந்தது நாவல் பழம், நன்றாகப் பழுத்து மரத்தடியில் விழுந்து நசுங்கியது. சுழற்றியதும் கிராம்பு. மனைவி கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, "இதுல தைலம் வாசம் வருதுங்க" என்றாள். எனக்கு உறைக்கவில்லை. அவள் சொன்ன பிறகு தைலத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இருவர் சொன்னதும் கற்பனை இல்லை. கிராம்பு ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது, வாட்டிய ஓக்கில் இருக்கும் யூஜினால்தான் கிராம்பிலும் இருக்கிறது. தைல வாசம் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய், காற்றில் வந்து திராட்சைத் தோலில் படிவது. ஆஸ்திரேலியக் கேபர்னேயில் அடிக்கடி காணலாம். பச்சைக் குடைமிளகாயை நறுக்கிய மாதிரி ஒரு வாசனை வந்தால் அது கேபர்னேயின் பிறவிக் குணம், பைரசின் என்ற பொருள். கொஞ்சமாக இருந்தால் அழகு, நிறைய இருந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை.

கெட்ட வாசனைகளையும் தெரிந்து வையுங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, மூலையில் கிடந்த பழைய பேப்பர் வாசம் என்றால் தக்கை கெட்டுவிட்டது. அதற்கு மருந்தில்லை. அழுகிய முட்டை வாசம் லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஜக்கில் ஊற்றி அரை மணி காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். காடி அல்லது நகப்பூச்சு நெடி, கருகிய வெல்லம், வெந்து குழைந்த உலர்திராட்சை என்றால் காற்றோ சூடோ உள்ளே புகுந்துவிட்டது.

நாக்குக்கு வருவோம். ஒரு மடக்கு எடுத்து விழுங்காமல் வாய் முழுக்கப் புரட்டுங்கள். மூன்று விஷயத்தைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று புளிப்பு. நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறுகிறதா? திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் நம் புளியிலும் இருப்பது, ஆகவே இந்தப் பாடத்தில் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

இரண்டாவது துவர்ப்பு, சிவப்பு ஒயினின் உயிர். முதல் தடவை குடிக்கிறவர் முகம் சுளிப்பது இதற்குத்தான். கொட்டைப்பாக்கைக் கடித்துப் பாருங்கள், மங்குஸ்தீனைப் பிளக்கும்போது தோல் தவறி நாக்கில் படட்டும், அல்லது அரை மணி ஊறிப்போன தே ஓ (பாலில்லாத தேநீர்) குடியுங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும் அல்லவா, அதுதான் டானின். பாக்கிலிருந்தே பெயர் பெற்ற பினாங்குக்கு ஒரு மணி தூரத்தில் இருக்கிற நமக்கு இது புரியாமல் போகாது. இதில் பார்க்க வேண்டியது அளவை விடத் தன்மை. பச்சை வாழைக்காய் மாதிரிச் சொரசொரவென்று இருக்கிறதா, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட பருத்தி வேட்டி மாதிரி விறைப்பாக, ஆனால் வழவழவென்று இருக்கிறதா?

மூன்றாவது, தொண்டையில் இறங்கும் சூடு. அது சாராயம். விழுங்கிய பிறகு ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஐந்துக்குள் ருசி மறைந்தால் எளிய ஒயின். பதினைந்தைத் தாண்டியும் நாவல் பழமும் கிராம்பும் நின்றால் கையில் இருப்பது நல்ல சரக்கு.

சுவைக்கும்போது பக்கத்தில் தண்ணீரும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் போதும். முறுக்கும் சம்பலும் பிறகு. மிளகாய் எரிச்சல் சாராயத்தையும் துவர்ப்பையும் இரண்டு மடங்காகக் காட்டிவிடும்.

பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள், தேதி, நிறம், வந்த வாசனைகள், துவர்ப்பு, எண்ணிக்கை. நட்சத்திரம், நூற்றுக்கு மதிப்பெண் எல்லாம் அடுத்த வருஷம் படிக்கும்போது ஒன்றும் சொல்லாது. "நாவல், தைலம், ஈறு பிடித்தது" என்ற மூன்று சொல் சொல்லிவிடும்.

வைப்பதா, குடித்துவிடுவதா

கடையில் கிடைக்கும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்கென்றே செய்தது. வைத்தால் அதற்கு வயதாகும், அவ்வளவுதான். துவர்ப்பு, புளிப்பு, பழம் மூன்றும் நிறைய இருந்து, இளமையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும் ஒயினே வைக்கத் தகுந்தது. போத்தலுக்குள் ஆண்டுக்கணக்கில் டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, கடைசியில் மண்டியாக அடியில் விழும். ஒயின் நிறம் வெளுத்துத் துவர்ப்பு மிருதுவாகும். புதுப் பழ வாசனை போய், உலர்ந்த பழம், பதனிட்ட தோல், புகையிலை, மழை பெய்த மண் என்று வரும். புளிப்பு மட்டும் அநேகமாக அப்படியே இருக்கும். அதனால்தான் புளிப்பில்லாத ஒயினை வைத்துப் பயனில்லை.

உங்களுடையது எந்த வகை? வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒன்றைத் திறந்து பாதியைக் குடியுங்கள், மீதியை மூடி ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு மடக்கு சுவைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால் அதன் கூட்டாளி போத்தல்களுக்கு ஆயுள் உண்டு. மறுநாளே தட்டையாகிவிட்டால் மற்றதையும் இந்த வருஷமே முடித்துவிடுங்கள். இது ஜாதகம் பார்க்கிற மாதிரிதான், துல்லியம் கேட்காதீர்கள். எங்களுடையது இரண்டாம் நாள் தைலம் அடங்கி, நாவல் பழம் மேலே வந்து, முதல் நாளைவிட நன்றாக இருந்தது.

இப்போது அந்தக் கெட்ட போத்தல் கதை. சில வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவர் நல்ல கேபர்னே ஒன்று கொடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று சமையலறை அலமாரியின் உச்சியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அதற்கு மேலே ஒரு பலகை, பலகைக்கு மேலே தகரக் கூரை. இரண்டு தீபாவளி கழித்து இறக்கியபோது தக்கை அரை விரல் மேலே தள்ளியிருந்தது, கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு. திறந்தால் வீடு முழுக்கக் கருகிய பாகு வாசம். நிறம் தேத்தண்ணீர். விருந்துக்கு வந்த மச்சான் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது இருமல் மருந்தா?" என்றார்.

பத்துப் பாகை சூடு கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பழைய கணக்கு. ஒயின் வைக்க நல்ல வெப்பம் 12 முதல் 14. நம் வீட்டின் 30 இல் அது மூன்று மடங்கு வேகத்தில் மூப்படையும். அப்படியானால் ஐந்து வருஷ வேலை இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிடுமே, லாபம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். எல்லா வினையும் ஒரே அளவில் வேகம் பிடிப்பதில்லை. வெல்லப் பாகு வாசனை தரும் வினைகள் முந்திக்கொள்ளும், துவர்ப்பு மிருதுவாகும் வேலை பின்தங்கும். அடுப்பைத் தூண்டி முறுக்கு சுட்ட மாதிரி, வெளியே கருகும், உள்ளே மாவு.

எங்கே வைப்பது

நல்ல வழி ஒயின் ஃப்ரிட்ஜ். ஆனால் வாங்கும்போது கம்ப்ரசர் உள்ளதா என்று கேளுங்கள். மலிவான சிறிய பெட்டிகள் பல மின்தகட்டால் குளிர்விப்பவை. அவை வெளி வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து பாகைதான் இறக்கும். ஏர்கான் போட்ட கடையில் 14 காட்டியது, நம் பின்கட்டில் 34 பாகையில் திணறும்.

அது இல்லாவிட்டால் சாதாரண ஐஸ் பெட்டியின் காய்கறி அறையே போதும். 4, 5 பாகையில் மூப்பு மிக மெதுவாக நடக்கும், கெடாது. திருகு மூடி என்றால் ஒரு வருஷம்கூடப் பயமில்லாமல் வைக்கலாம், ஆஸ்திரேலியப் போத்தல்களில் பெரும்பாலும் அதுதான். தக்கை என்றால் படுக்கவைத்துச் சில மாதத்தில் முடித்துவிடுங்கள், ஐஸ் பெட்டியின் வறண்ட காற்றில் தக்கை சுருங்கும். குளிரில் அடியில் கல்கண்டுத் துகள் மாதிரிப் படிந்தால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கில்லை.

இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் படுக்கையறை, ஆகாத இடம். பகலில் 32, இரவில் 22 என்று ஏறி இறங்கினால் தக்கை தினமும் மூச்சுவிட்ட மாதிரி அசையும். அதைவிட மோசம் காரின் பின்பெட்டி. சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் மூன்று மணி நேர வெயில், ஒரு போத்தலுக்குப் போதும்.

எங்கள் மூன்றில் முதலாவது இரண்டு வாரத்தில் காலி. இரண்டாவது காய்கறி அறையில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில், இந்தத் தீபாவளிக்காகப் படுத்திருக்கிறது. மூன்றாவதைக் கம்ப்ரசர் பெட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் விட்டிருக்கிறேன், மூன்று வருஷம் கழித்துத் திறக்க. வாடகை, அதில் ஒரு கிளாஸ் அவருக்கு.

பழைய போத்தலைத் திறக்கும் நாள்

இரண்டு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் அடங்கட்டும். மெதுவாகத் திறந்து, கழுத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஊற்றாகச் சுத்தமான கண்ணாடி ஜக்கில் இறக்குங்கள். நடுவில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கழுத்தில் கறுப்புக் கோடு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிகப் பழையதென்றால் உடனே குடிக்க வேண்டும், காற்றில் அதன் வாசனை சீக்கிரம் ஓடிவிடும். இளம் ஒயினுக்கு ஜக்கில் அரை மணி முதல் ஒரு மணி வரை காற்று நல்லது.

சாப்பாட்டோடு என்றால் ஆட்டிறைச்சிப் பிரட்டல், மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டி. கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். மீன் குழம்பு வேண்டாம், வாயில் இரும்பு ருசி வரும்.

மீந்ததை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் காடி வாசம் எட்டிப் பார்த்தால், கொட்ட வேண்டாம். அடுத்த பிரட்டலில் அரைக் கிண்ணம் ஊற்றி வற்றவிடுங்கள், தக்காளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.